மூணாம் விளி

டென்னிசன் செத்தான் என்று
அண்ணன் போனில் சொன்னபோது
மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தேன்.
கத்தியைக் கீழே வைக்கவில்லை.
"எப்போ?"
"விடியக்காலம். திருவனந்தபுரத்தில வச்சு.
ஈரல் அழுகிப்போச்சாம்."

பத்து மணிக்கெல்லாம்
சுவாமியார்மடம் முக்கில் வெடி கேட்டது.
அஜினோடு பந்து விளையாடின பையன்கள்.
ஒருத்தனுக்கு இப்போது வழுக்கை.
ஒருத்தன் சவூதியிலிருந்து லீவில் வந்தவன்.
கிறிஸ்மசுக்கு மிஞ்சின சரம்,
பாதி நமத்துப்போய்
விட்டு விட்டு வெடித்தது.

அண்ணன் குளச்சல் போய்
முழு நெய்மீன் ஒன்றை
வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.
"இது சரியா அண்ணா?"
"தீவாளி எதுக்குக் கொண்டாடுகாவ?
அதும் ஒருத்தன் செத்ததுக்குத்தானே பிள்ளே."
பதில் வரவில்லை எனக்கு.
மீனைக் கழுவினேன்.
தேங்காய் வறுத்து அரைத்தேன்.
இரண்டு துண்டு தின்றேன்.
ருசியாக இருந்தது.
இதைச் சொல்லாமல் விட்டால்
மேற்கொண்டு நான் சொல்லும் எதையும்
நம்பாதீர்கள்.

பதினோரு வருஷம் முன்பு
மலையை உடைத்து ஏற்றின டிப்பர்
அழகியமண்டபம் இறக்கத்தில்
என் பிள்ளையின் பைக்கை
முப்பதடி இழுத்துக்கொண்டு போனது.
ஓட்டினவன் டென்னிசன்.
ஸ்டேஷனில் போய் நின்றவன்
அவனிடம் கூலிக்கு நின்ற ஒரு பயல்.
அந்தப் பெயரை அடித்து
இந்தப் பெயரை எழுதவைக்க
எனக்கு நாலு வருஷமும்
கழுத்துச் சங்கிலியும் செலவு.

அப்புறம் வாய்தா, வாய்தா.
தக்கலை கோர்ட்டு வராந்தாவில்
ஒரே பெஞ்சு.
இந்த நுனியில் நான், அந்த நுனியில் அவன்.
முதலில் வெள்ளை வேட்டி, தங்க வாட்ச், கூட நாலு ஆள்.
கடைசியில் மூத்திரப்பையும்
கைபிடித்து நடத்த ஒரு மகளும்.
கரண்ட் போன ஒரு மத்தியானம்
தண்ணீர் பாட்டிலை
என் பக்கம் நகர்த்தினான்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.
தொடவில்லை.

கோர்ட்டுத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பெயர் எதிரி.
ஒன்றாம் எதிரி.
"எதிரி இறந்தால் வழக்கு அற்றுப்போகும்மா,"
வக்கீல் பைல் கட்டை முடிந்தபடி சொன்னார்,
சந்தோஷச் சேதி மாதிரி.

அப்போதுதான் கோபம் வந்தது.
நான் அவன் சாவையா கேட்டேன்?
"நான்தான் ஓட்டினேன்."
ரெண்டே வார்த்தை.
அதை வாய்க்குள் வைத்து
மேலே தைலமும் பூசிப்
பெட்டியை மூடிவிட்டார்கள்.

யோசித்துப் பார்க்கிறேன்.
அஜினைப் பற்றி இப்போது யார் பேசுகிறார்கள்?
பேச்செடுத்தால் இவர் எழுந்து
ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார்.
அவன் விரும்பின பெண்ணுக்கு ரெண்டு பிள்ளைகள்.
அந்தத் தேதியை, அந்த இறக்கத்தை,
ராத்திரி ஒன்பது இருபதை
சத்தமாக வாசிக்க வாசிக்க
உட்கார்ந்து கேட்டாக வேண்டிய ஆட்கள்
பூமியில் இரண்டு பேர்.
இப்போது ஒன்று.
வெடி போட்டவன் யாருக்கும்
இது தெரியாது.

முக்குச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள்:
கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.
பசை காயுமுன் ஒரு ஆடு வந்து
கன்னம் வரைக்கும் தின்றது.
நான் விரட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
கிழிந்த இடத்தில்
ஓட்டுக் கேட்கிற முகம், அதற்கடியில்
கல்யாணம், அதற்கடியில் எதுவோ.
அந்த அடுக்கில் எங்கேயோ
பத்தொன்பது வயசில்
என் பிள்ளையும் ஒட்டியிருக்கிறான்.

பதினேழாம் தேதி வாய்தா.
இறப்புச் சான்று இன்னும் தாக்கலாகவில்லை.
"போகாண்டாம், வெறும் சடங்கு" என்றான் அண்ணன்.
போனேன்.
பெஞ்சில் என் நுனியில் உட்கார்ந்தேன்.
டவாலி வராந்தாவுக்கு வந்து
முறைப்படி விளித்தார், அவன் பெயரை.
முதல் விளிக்கு யாரும் அசையவில்லை.
இரண்டாவதுக்கு
சாயா கொண்டுவந்த பையன் வழி கேட்டான்.
மூணாம் விளிக்கு
நான்
வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.